ஏழாம் பிரிவுக்கு ஓர் எதிர்ப்பு

காலை பத்தரை மணிக்கு ஜெசிந்தா முனகல் கேட்டாள்.

"ஏழாம் பிரிவு வேணுங்கிறவங்க முனகுங்க."

காதில் செருகியிருந்த ஒலிக்குமிழில் முனகல் எழுந்தது. வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் எழுப்பும் ஒலி. நாகர்கோவிலிலிருந்து தாணுமூர்த்தியின் கனத்த குரல். மன்னாரிலிருந்து ஒன்று. மினிக்காயிலிருந்து ஒன்று. மற்றவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

"வேண்டாங்கிறவங்க முனகுங்க."

ஒன்றும் கேட்கவில்லை.

மேசையில் உறுப்பினருக்கு ஒன்றாகச் சிறு விளக்குகள் இருந்தன. எல்லாம் எரிந்தன. இன்னாசியின் விளக்கையும் பார்த்தாள். அவள் தம்பி. எந்தப் பிரிவு வந்தாலும் எதிர்த்து முனகுகிறவன். அவன் முனகினால் ஒலிக்குமிழைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். இன்று அவனும் சும்மா இருந்தான். கோபம் போலிருக்கிறது, அல்லது ஒத்துக்கொண்டுவிட்டான். எதுவானாலும் அவளுக்கு நிம்மதிதான்.

"எதிர்ப்பு எதுவும் கேக்கல. ஏழாம் பிரிவு நிறைவேறுது" என்றாள். ஒப்பமிட்டாள்.

முனகல் பழைய வழக்கம். முன்பெல்லாம் நெறிமுறை எழுதுகிற பொறியாளர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கை தூக்கினால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முனகினால் அது தெரியாது. எந்தப் பக்கம் கனம் என்பது மட்டும் எல்லோர் காதுக்கும் கேட்கும். இப்போது கூடம் இல்லை. ஒவ்வொருவரும் தலைவரான ஜெசிந்தாவுக்கு மட்டும் முனகினார்கள். தலைவர் கேட்டதாகச் சொல்வதே முடிவு. இதிலுள்ள கோளாறு எல்லோருக்கும் தெரியும். வழக்கத்தை விட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

காற்றில் அலை பரப்புவதை உலகம் நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அலைவரிசைகள் எல்லாவற்றிலும் போலிக் குரல்கள் நிறைந்தன. பெற்ற பிள்ளையின் குரலில் பணம் கேட்டன. மாலுமியின் குரலில் கப்பலைப் பாறைக்கு அழைத்தன. எங்கிருந்து வருகின்றன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் எல்லாக் கோபுரங்களையும் இறக்கினார்கள். அதற்குப் பதிலாக ஒளிநூல் வந்தது. ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கண்ணாடிகள், நடுவே மெல்லிய ஒளிக்கற்றை. ஒரு நூலில் இருவர்தான் பேச முடியும். மூன்றாமவர் புக முடியாது, ஒட்டுக் கேட்கவும் முடியாது.

பழைய இணைய நெறிமுறை இதற்காக எழுதப்பட்டதல்ல. அது தெருவில் நின்று கத்தும் பழக்கம் உடையது. இந்த முகவரி யாருடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும், உரியவர் பதில் சொல்வார். நூல்வலையில் தெரு இல்லை. ஆகவே ஊருக்கு ஒரு முகவரியகம் வைத்தார்கள். யாரிடம் பேச வேண்டுமானாலும் முதலில் அதைக் கேட்க வேண்டும். அது இடத்தைச் சொல்லும், உங்கள் கண்ணாடியைத் திருப்பும். நீங்களும் இருப்புக்காலம் என்ற கெடு முடிவதற்குள் முகவரியகத்துக்கு "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்லாதவரை என்ன செய்வது? அதுதான் ஏழாம் பிரிவு.

அதுவரை முகவரியகம் தேடியது. காணாமல் போனவரின் அண்டை முகவரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியாகப் பார்த்த திசையில் கண்ணாடிகளைத் திருப்பித் துழாவியது. மழைக்காலத்தில் ஒரே நாளில் பல நூல்கள் அறும். அப்போது வலை முழுவதும் தேடல்தான் ஓடும், பேச்சு ஓடாது. போன ஐப்பசியில் ஒரு பிரசவம் அதனால் கெட்டது. தாணுமூர்த்தி எழுதிய ஏழாம் பிரிவு தேடலை எடுத்துவிட்டது. இருப்புக்காலம் முடிந்தால் முகவரி அழியும், இடமும் அழியும். கேட்பவருக்கு "அப்படி எவரும் இல்லை" என்ற விடை போகும்.

முந்தைய நாள் மதியம் இன்னாசி கூப்பிட்டுச் சண்டை போட்டான். அவன் மன்னார் வளைகுடாவில் ஒரு மீன்வளர்ப்பு மேடையின் பொறுப்பாளன். மேடை நங்கூரம் போட்டு நிற்காது, நீரோட்டத்தோடு நகரும்.

"கண்ணாடியில உப்பு படிஞ்சா நான் செத்தவனாக்கா?"

"துடைலே."

"காத்து அடிக்கும்போது வந்து துடைச்சுப் பாரு. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இருப்புக்காலம், இறப்புக்காலம்னு."

"உன் ஒருத்தனைத் தேடதுக்கு ஊரு பூரா வாயப் பொத்திக்கிட்டுக் கிடக்கணுமா? அந்தப் பிள்ளத்தாச்சிக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவன் நூலை விட்டான்.

ஒப்பமிட்டதும் ஜெசிந்தா டீ வாங்கிக்கொண்டு வந்து அவனைக் கூப்பிட்டாள். எதிர்க்காமல் விட்டதற்கு ஒரு வார்த்தை கிண்டல் செய்யலாம் என்றிருந்தது. இன்னாசியின் முகவரியைச் சொன்னாள்.

"அப்படி எவரும் இல்லை" என்றது முகவரியகம்.

மறுபடி சொன்னாள். மறுபடி அதே விடை. மேசையைப் பார்த்தாள். அவன் விளக்கு அணைந்திருந்தது.

முகவரியகத்தைக் கவனிப்பவன் காயல்பட்டினத்து ஜெய்லானி. அவனைக் கூப்பிட்டாள்.

"முனகல் கேக்கும்போது வெளக்கு எரிஞ்சுதே, ஜெய்லானி."

"வெளக்கு இருப்புக்காலம் முடியுற வரைக்கும் எரியும், மேடம். நூல் அதுக்கு முன்னாடியே அறுந்திருக்கும். மூணாம் பிரிவுல நீங்கதானே அப்படி எழுதுனீங்க?"

"கடைசியா எங்க இருந்தான்?"

"அது அழிஞ்சு போச்சு. உங்க ஒப்பம் வந்த மறு நிமிஷமே புது நிரல் முழிச்சுக்கிச்சு."

"அவனா நம்ம கண்ணாடியில வெளிச்சம் அடிச்சா?"

ஜெய்லானி கொஞ்சம் தயங்கினான். "நம்ம கண்ணாடி அவரு பக்கம் திரும்பி இருந்தாத்தான் மேடம் படும். இல்லாத ஆளுக்கு அது எதுக்குத் திரும்பும்?"

துறைமுகத்தில் மீட்புப் படகு தயாராக இருந்தது. வளைகுடாவில் காலையிலிருந்து காற்று என்றார் படகோட்டி. "இடத்தைச் சொல்லுங்கம்மா, இப்பமே கெளம்புதோம். இடம் தெரியாமப் போனா ஒரு வாரம் சுத்துனாலும் ஆம்பிடாது."

ஜெசிந்தா தாணுமூர்த்தியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "நிரலை ஒரு மணி நேரம் நிறுத்துங்க, சார்" என்றாள்.

"நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கும் இல்ல. முனகி முடிச்சது முடிச்சதுதான்."

"மேடையில மூணு பேரு இருக்காங்க."

"எனக்குத் தெரியாதா? இன்னாசி எங்கிட்ட படிச்சவன். ஆனா இன்னைக்குத் தலைவரோட தம்பிக்குன்னு நிறுத்தினா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு தம்பியோட வந்து நிப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "எதிர்ப்பு ஒண்ணு இருந்து, அது விட்டுப் போயிருந்தாத்தான் திரும்பத் திறக்க முடியும். அது உங்களுக்கே தெரியும்" என்றார்.

அவளுக்குத் தெரியும். அந்த விதியில் இன்னொன்றும் இருந்தது. விட்டுப்போனதா இல்லையா என்பதைத் தலைவர்தான் சொல்ல வேண்டும்.

டீ ஆறிப் போயிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டேன் என்று சொன்னதில்லை. ஒரு முறை தன் சொந்த வரைவு தோற்றபோதும் தோற்றது என்றுதான் சொன்னாள். கொழும்பும் மினிக்காயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு வலையில் சேர்ந்திருப்பது அந்தச் சொல்லை நம்பித்தான்.

எல்லா நூல்களையும் இழுத்தாள். விளக்குகள் எரிந்தன.

"ஏழாம் பிரிவுக்கு ஒரு எதிர்முனகல் இருந்துச்சு. மெதுவா இருந்துச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன். பிரிவை நிறுத்தி வைக்கிறேன்."

ஒப்பமிட்டாள்.

ஒவ்வொரு விளக்காக மினுங்கி ஏற்றுக்கொண்டது. கேள்வி கேட்டவர் தாணுமூர்த்தி மட்டும்தான்.

"யாரு, ஜெசிந்தா?"

"சொல்லணும்னு இல்ல."

"இன்னாசியா?"

"ஆமா."

"மெதுவாவா முனகினான்?" அவர் சிரிக்கவில்லை. "அவன் என்னைக்கு மெதுவா முனகிருக்கான்?"

அவள் ஆறிய டீயைத் தள்ளி வைத்தாள்.

"சரி. தலைவர் கேட்டேன்னு சொன்னா கேட்டதுதான். அப்படி இல்லன்னா நமக்கு வேற என்ன இருக்கு? ஆனா காரணமில்லாத எதிர்ப்பை வச்சுக்கிட்டு ஒரு பிரிவை முடக்கி வைக்க முடியாது. அவன் ஆம்பிட்டதும் எனக்கு நூல் கொடுங்க. காரணத்தை அவன் வாயால கேட்டு எழுதிக்கிடுதேன்."

முகவரியகங்கள் தேடத் தொடங்கின. இடம் அழிந்துவிட்டதால் திசையும் தெரியவில்லை. கடலோரம் முழுக்கக் கண்ணாடிகள் மெல்லத் திரும்பி நீரைத் துழாவின. மேடை மேடையாக, படகு படகாகக் கேள்வி போனது. வலை கனத்தது. ஜெய்லானி இரண்டு முறை கூப்பிட்டான். மருத்துவமனை நூலில் அழைப்புகள் காத்து நிற்பதாகச் சொன்னான். கீழக்கரையில் ஒருவர் தன் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று கத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"என்ன செய்யட்டும், மேடம்?"

"தேடு" என்றாள்.

மதியம் சாய்ந்தபோது இன்னாசியின் விளக்கு எரிந்தது. அதோடு இடமும் வந்தது. அவள் முதலில் அதைப் படகுக்கு அனுப்பினாள். பிறகுதான் நூலை எடுத்தாள்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுலே. சொல்லு."

"காத்துல கண்ணாடித் தண்டு திரும்பிட்டு. நானும் கவனிக்கல. அப்புறம் பாத்தா ஒரு பயலும் இந்தப் பக்கம் திரும்பல. காலையில இருந்து வெளிச்சம் அடிச்சு அடிச்சுக் கை போச்சு." அவன் இருமினான். "எங்க மேடைப் பய அலோசியஸ் மேல பாரந்தூக்கி சாஞ்சுட்டு. மூச்சு இருக்கு. பேச்சு இல்ல."

"படகு கெளம்பிட்டு. டாக்டரும் வாறாரு. அவனை அசைக்காத."

"சரி."

நூலில் காற்றின் இரைச்சல் வந்தது. மேசையில் தாணுமூர்த்தியின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இன்னாசி கிடைத்துவிட்டதை அவரும் பார்த்திருக்க வேண்டும். நூல் கேட்கிறார். அவள் அதைத் தொடவில்லை.

"அக்கா, கோவமா?"

"இல்லலே."

"நேத்து நீ சொன்னதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். அந்தப் பிள்ளத்தாச்சி விஷயம். நம்ம ஒருத்தனைத் தேடுதோம்னு ஊரையே அடைச்சு வைக்கது தப்புதான். எழுதினவன் சரியாத்தான் எழுதிருக்கான்."

தாணுமூர்த்தியின் விளக்கு இப்போது அணையாமல் எரிந்தது. காரணம் கேட்கக் காத்திருக்கிறார்.

"அதான் இன்னைக்குப் பத்தரை ஆனதும் நான் வேணுங்கிற பக்கம் முனகுனேன். நல்லா சத்தமாத்தான் முனகுனேன். உனக்குக் கேட்டுச்சாக்கா?"