கட்டைவிரல்

விழிப்பு வந்துவிட்டது, கண் மட்டும் திறக்கவில்லை.

இமைகளை இழுத்துப் பிடித்திருந்த பிளாஸ்திரியும், தொண்டைக்குள் இறங்கியிருந்த குழாயின் தடிப்பும், அவனைக் கேட்காமலே அவன் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பெருமூச்சும், தட்டில் கத்தரிகள் உரசும் சன்னமான ஓசையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, தான் ஆபரேஷன் மேஜையில் கிடப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. பித்தப்பையை எடுத்து முடித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

வயிற்றில் ஈரப்பஞ்சு ஓடியது. மருந்து தடவுகிறார்கள்.

இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"நம்ம பிசியோதெரபி சாரைப் பாருங்க சார்," என்றாள் சிஸ்டர். "வார்டுல எல்லாரையும் அசை, அசைன்னு உயிரை எடுப்பாரு. இப்ப மரக்கட்டை மாதிரி கிடக்காரு."

"ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும்," மயக்க டாக்டர் சிரித்தார். ஏதோ கீச்சிட்டது. "அந்த அலாரத்தை அமுக்குங்க சிஸ்டர். காலையிலேருந்து வெட்டியா கத்துது."

வெட்டியாக இல்லை. தூக்க வாயு தீர்ந்துவிட்டதென்று கத்துகிறது.

எழும்பச் சொல்லிக் கைக்கு ஆணையிட்டான். கை கேட்கவில்லை. ஏன் என்பது அவனுக்கு அத்துப்படி. மூளையின் கட்டளை நரம்பு நுனிவரை ஒழுங்காகப் போய்ச் சேரும். அங்கே சுரக்கும் ரசாயனம் மயிரிழை இடைவெளியைத் தாண்டித் தசையில் அதற்கென்று இருக்கும் பள்ளங்களில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். தளர்த்தும் மருந்து அந்தப் பள்ளங்களையெல்லாம் முந்திக்கொண்டு அடைத்துவிட்டது. அசைவுதான் போகும். வலி போகாது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பெரிய டாக்டர்.

கத்தினான். குழாயில் காற்று அதே தாளத்தில் போய் வந்தது.

கத்தி இறங்கியது.

உயிர் போகாது. அதுதான் பயம்.

"பல்ஸ் எகிறுது சார்."

"வலிக்கு ஊசி போட்டாச்சு. இறங்கிடும்."

இறங்கவில்லை. தோல். கொழுப்பு. உள்ளே விரல்கள். தளர்த்தும் மருந்து எப்போதாவது கழன்றே தீரும். அதை மட்டும் பிடித்துக்கொண்டான். உடம்பு முழுவதையும் விட்டுவிட்டு இடது கட்டைவிரல் ஒன்றுக்கே ஆணையிட்டான். வளை. வளை. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களிடம் தினமும் சொன்ன அதே சொல். வளைடா.

வளைந்தது.

துணியில் நகம் உரசியது. இன்னொரு முறை. பார்த்துவிடுங்கள். யாராவது.

"சார்," என்றாள் சிஸ்டர். "கட்டைவிரல் ஆடுது."

கடவுளே.

"வயிறும் இறுகுது," என்றார் பெரிய டாக்டர். "எனக்கு இடம் பத்தல."

"தளர்த்துற மருந்து கழண்டுடுச்சு சார்," என்றார் மயக்க டாக்டர். "இதோ, இன்னொரு டோஸ்."

இல்லை. இல்லை. அதில்லை.

முழங்கை ரத்தக்குழாயில் மருந்து சில்லென்று ஏறியது. தோளைக் கடந்தது. கட்டைவிரல் தானாக விரிந்து துணியில் சாய்ந்தது.

"இப்ப அருமையா இருக்கு," என்றார் பெரிய டாக்டர்.

சிஸ்டர் குனிந்தாள். அவன் இமையோரம் கசிந்ததைப் பஞ்சால் இதமாக ஒற்றி எடுத்தாள். பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தி ஒட்டினாள்.