மஞ்சள் தடவிய மதிப்பெண் அட்டை

1999 ஜூன் மாதத்தில் வான்மதியின் வீட்டுக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. போனை யாரும் மூன்று நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்டர்நெட்டுக்கு ஐந்து நிமிடம், அதுவும் அப்பாவுக்கு மட்டும்.

சட்டம் போட்டவர் அம்மா பவளம். அம்மாவின் தம்பி சபரி மாமா இந்திய ராணுவத்தில் இருந்தார். கார்கில் மலைகளில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. மாமாவிடமிருந்து மூன்று வாரமாக ஒரு தகவலும் இல்லை.

அவர்கள் இருந்ததோ அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியின் மான்மவுத் ஜங்ஷனில். வீட்டில் ஒரே ஒரு போன் லைன். இன்டர்நெட்டைப் போட்டால் போன் வராது. இறந்த வீரர்களின் பெயர்களோ இன்டர்நெட்டில்தான் உடனே தெரியும். பார்க்காமலும் இருக்க முடியாது. பார்க்கும் நேரத்தில் மாமா கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது?

"பேர் இல்லீங்களே?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பார். கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்.

"இல்ல, பவளம்."

"அப்ப கட் பண்ணுங்க. லைன் ஃப்ரீயா இருக்கட்டும்."

இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு பாட்டுப் போட்டிக்குப் போக யாருக்கு மனம் வரும்? ஆனால் வான்மதி இரண்டு மாதங்களுக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தாள். ஒரு கேபிள் டிவி நடத்திய போட்டி அது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவின் நாட்டுக்காகப் பாட வேண்டும். எட்டு நாடுகள். நேரடி ஒளிபரப்பு. சாட்டிலைட் வழியாக அந்த எட்டு நாடுகளிலும் பார்ப்பார்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். டைரக்டர் ரிக் என்பவர் வான்மதியையும் இன்னொரு பெண்ணையும் எதிரெதிராக நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கும் வான்மதியைப் போலவே பதினொரு வயதுதான் இருக்கும். பெயர் மெஹ்ரீன். பாகிஸ்தானுக்காகப் பாட வந்திருந்தாள்.

"ஒருத்தியை ஒருத்தி முறைத்துப் பாருங்கள்" என்றார் ரிக்.

"எதற்கு?" என்று கேட்டாள் வான்மதி.

"டிவியில் சண்டைச் செய்திதானே ஓடுகிறது? இதைப் பார்த்தால் எல்லோரும் நம் நிகழ்ச்சிக்கு வந்துவிடுவார்கள்."

இருவரும் முறைத்தார்கள். மெஹ்ரீனுக்கு முறைக்க வரவில்லை. மூக்கு மட்டும் விரிந்தது. வான்மதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, மெஹ்ரீனும் சிரித்தாள். பதினோராவது தடவைதான் ரிக்குக்கு வேண்டிய முறைப்பு கிடைத்தது.

பின்னால் நிறுத்தியிருந்த அட்டை வளைவுக்கும் ஒரு கதை உண்டு. பார்க்க அரண்மனை வாசல்போல இருக்கும். அது எங்களுக்குத்தான் என்று இந்தியக் குழு கேட்டது. எங்களுக்குத்தான் என்று பாகிஸ்தான் குழுவும் கேட்டது. இரண்டு குழுப் பெரியவர்களும் அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அது எகிப்துக்குப் போனது.

பெரியவர்கள் வளைவுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் மாமா அங்கே இருக்கிறார். மூன்று வாரமாகப் போன் இல்லை" என்றாள் வான்மதி. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மெஹ்ரீன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "எங்கள் மாமூவும் அங்கேதான்" என்றாள். "அம்மாவின் அண்ணன். எங்களுக்கும் ஒரு மாதமாகப் போன் வரவில்லை."

 ஒருவருடைய மாமா இன்னொருவருடைய மாமாவைச் சுடும் இடத்தில் இருக்கிறார் என்று இருவருக்குமே புரிந்துவிட்டது. கிளம்பும்போது மெஹ்ரீன் பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரிலிருந்த தன் வீட்டு முகவரியை வான்மதியின் பாட்டு நோட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"அந்தப் புள்ளைகூட உனக்கென்ன பேச்சு? பாடப் போனியா, பாடிட்டு வா."

போட்டி நாள் வந்தது. அம்மா வரவில்லை. போன் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா நஞ்சுண்டன்தான் காரில் அழைத்துப் போனார்.

ஒவ்வொரு நாட்டுக் குழுவிலும் ஐந்து பிள்ளைகள். ஒருவர் பாட வேண்டும். பிறகு ஐந்து பேருமாகச் சேர்ந்து மற்ற ஏழு நாடுகளுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பிடித்த பாட்டுக்கு ஏழு, அடுத்ததற்கு ஆறு, இப்படியே கடைசிக்கு ஒன்று. மதிப்பெண்ணைப் பிள்ளைகள்தான் போட வேண்டும் என்பது விதி.

நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. இந்தியக் குழுவின் தலைவர் கோபாலசாமி அங்கிள் வந்து வான்மதியிடம் மதிப்பெண் அட்டையை நீட்டினார். வாங்கியதும் அவள் விரல் மஞ்சளானது. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஏழு நாடுகளின் பெயர்களும் எண்களும் அழகான கையெழுத்தில் இருந்தன. கடைசி வரி: பாகிஸ்தான் – 1.

"என்ன இது, குழம்பு கொட்டிவிட்டதா?" என்று அந்தப் பக்கம் போன ரிக் கேட்டார்.

"நோ நோ, குட் லக்" என்றார் அங்கிள். பிறகு வான்மதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "காலையில பூஜைல வச்சு எடுத்துட்டு வந்தேம்மா. ஸ்டேஜ்ல இத அப்படியே படிச்சிடு. இலங்கை டீம்கூடப் பேசியாச்சு, அவங்க நமக்கு ஏழு, நாம அவங்களுக்கு ஏழு."

"அங்கிள், நாங்கதானே மார்க் போடணும்?"

"போடலாம்மா, நெக்ஸ்ட் இயர் போடலாம். அங்க நம்ம பசங்க தினம் சாகறாங்க. உங்க மாமாவே அங்க இருக்காரு. இப்பப் போய் அவங்களுக்கு மார்க் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அங்கிள் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் வான்மதி அட்டையை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் மதன். எட்டு வயது. "நாம எப்ப மார்க் போடணும்?" என்று கேட்டான்.

"போட்டாச்சாம்."

மதன் அட்டையைப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். "யாரும் இன்னும் பாடவே இல்லையே" என்றான்.

போட்டி தொடங்கியது. எகிப்துப் பையன் அந்த வளைவுக்குள்ளிருந்து வந்து பாடினான். புகை இயந்திரம் புகையைக் கொஞ்சம் அதிகமாகவே கக்க, பாதிப் பாட்டை இருமிக்கொண்டே பாடினான். வான்மதி தன் மழைப் பாட்டை நன்றாகத்தான் தொடங்கினாள். நடுவில் கேமராவைப் பார்த்ததும் மாமா இதைப் பார்ப்பாரா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு வரி தவறிப்போனது.

ஏழாவதாக மெஹ்ரீன் வந்தாள். மேளம் இல்லை, புகை இல்லை. மொழி புரியவில்லை. ஆனால் அவள் எட்டி எட்டிப் பார்த்துப் பாடியதில், யாரோ வாசலில் நின்றுகொண்டு யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. வான்மதிக்கு அடுப்படியில் நிற்கும் அம்மா ஞாபகம் வந்தது. 

மதன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "இதுக்குத்தான் ஏழு" என்றான். மற்ற மூன்று பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

வான்மதி அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மதனிடமிருந்து பென்சிலை வாங்கினாள். எட்டாவது பாட்டும் முடிந்தபின் ஐந்து தலைகளும் ஒன்றுகூடின. பின்னால் மூன்றாவது வரிசையிலிருந்த அங்கிளுக்கு எதுவும் தெரியவில்லை.

"இந்தியா" என்று அறிவிப்பாளர் கூப்பிட்டார்.

வான்மதி மைக் முன்னால் போய் நின்றாள்.  மாமாவுக்குத் துரோகம் செய்கிறோமா? இதை எங்காவது ஒரு டிவியில் பார்த்துவிட்டு, நம் வான்மதியா இப்படிச் செய்தாள் என்று அவர் நினைத்தால்? அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய பொய் என்று நினைத்தாள். அட்டையைத் திருப்பினாள்.

ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகப் படித்தாள். எகிப்துப் பையன் இருமிக்கொண்டே இரண்டு வாங்கினான். இலங்கைக்கு ஐந்து.

"பாகிஸ்தானுக்கு ஏழு."

 எங்கோ பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். இன்னும் சிலர் தட்டினார்கள். இந்தியக் குழுவின் பெரியவர்கள் பக்கம் ஒரு கைகூடத் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெஹ்ரீனின் முறை வந்தது. அவள் கையிலும் ஓர் அட்டை இருந்தது. அவளுக்குப் பின்னால் அவளுடைய குழுத் தலைவர் நின்றுகொண்டிருந்தார், தோளைத் தொடும் தூரத்தில். மெஹ்ரீன் முதல் வரியிலேயே திணறினாள்.

"இந்தியாவுக்கு…" என்று நிறுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். "ஒன்று."

அந்த வருடம் பாகிஸ்தான் வென்றது. இந்தியா ஆறாவது இடம்.

கோப்பையை வைத்துக்கொண்டு மெஹ்ரீன் நடைபாதையில் காத்திருந்தாள். அழுதிருந்தாள். "என் அட்டை வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்தது" என்றாள்.

"தெரியும். மஞ்சள் தடவியிருந்ததா?"

"இல்லை. அத்தர் வாசனை வந்தது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பெரியவர்கள் வந்து ஆளுக்கொரு திசையில் இழுத்துப் போனார்கள்.

கோபாலசாமி அங்கிள் திட்டவில்லை. கார் வரை வந்தார். "மாமா கேட்டா என்னம்மா சொல்லுவே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

வீட்டுக்குப் போனால் அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நல்லவேளை, மாமாவைப் பற்றி எதுவும் இல்லை. டிவியைப் பார்த்துவிட்டு யாரோ போன் செய்து, உன் தம்பி அங்கே சாகக் கிடக்கிறான், உன் பெண் இங்கே எதிரிக்கு ஏழு போடுகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். பெயரைக்கூடச் சொல்லவில்லையாம்.

"மூணு நிமிஷம் லைனைப் பிடிச்சிக்கிட்டுத் திட்டுனாங்க" என்றார் அம்மா. பிறகு வான்மதியை நேராகப் பார்த்தார். "அந்தப் பாட்டு உனக்கு அவ்வளவு பிடிச்சுதா?"

"உன் ஞாபகம் வந்துதும்மா."

அம்மா தயிர்சாதம் பிசைந்து தட்டில் வைத்தார். அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. அம்மா ஓடிப்போய் எடுத்தார். எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சபரி… சபரி… எங்கடா இருக்கே?"

மாமா டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். காலில் குண்டு பட்டிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பேச மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம். அதில் ஒரு நிமிடம் அம்மாவின் அழுகையிலேயே போய்விட்டது. பிறகு போன் வான்மதியிடம் வந்தது.

"வானு, பாட்டுப் போட்டி ஆயிடுச்சா?"

"ஆச்சு மாமா. ஆறாவது."

"எட்டுல ஆறா? பரவால்ல, உனக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்கல்ல. யாரு ஜெயிச்சா?"

கேட்டே விட்டார். வான்மதி போன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பாகிஸ்தான், மாமா. நான்தான் ஏழு மார்க் போட்டேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ வலியில் முனகும் சத்தம் மட்டும் வந்தது.

"அந்தப் புள்ள நல்லாப் பாடுச்சா?"

"ரொம்ப நல்லாப் பாடினா."

"அப்புறம் என்ன, ஏழுதான் போடணும்" என்றார் மாமா. "என்ன பாட்டு?"

"யாரோ வீட்டுக்கு வரணும்னு வாசல்ல காத்துட்டிருக்கற பாட்டு."

மாமா குரல் மாறிப்போய், "அம்மாகிட்ட குடு" என்றார்.

அம்மா அன்று கேசரி கிளறினார். முந்திரியைக் கை நிறைய அள்ளிப் போட்டார். அப்பா ஒரு மணி நேரம் இன்டர்நெட் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வான்மதி மட்டும் பாட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகவரிக்குக் கீழே மெஹ்ரீனின் போன் நம்பரும் இருந்தது. போனை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடா, கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. போன் அடிச்சா அவங்க மாமூன்னு நினைச்சு ஓடி வருவாங்க. நாம நேர்ல போலாமா?"

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு டப்பாவில் கேசரியை எடுத்து வைத்தார். மூடும்போது என்னவோ யோசித்தார். கேசரியைத் திரும்பவும் பாத்திரத்திலேயே கொட்டினார்.

"அவங்க வீட்ல இன்னும் தகவல் வரலையே. இனிப்பு எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். ஃப்ரிட்ஜிலிருந்து திராட்சையை எடுத்துக் கழுவி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "வெறுங்கையோட போகாதே."

அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். காலிங் பெல் அடித்ததும் மெஹ்ரீனே கதவைத் திறந்தாள். வான்மதியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் மாமா?"

"இன்றைக்குப் பேசிவிட்டார்."

மெஹ்ரீனின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது. உள்ளே கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. மாடிப்படியின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் போன். அந்தப் படியில்தான் மெஹ்ரீன் அதுவரை உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. திரும்பவும் அங்கேயே போய் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வான்மதி பக்கத்தில் உட்கார்ந்தாள். திராட்சைப் பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் வரை அந்தப் போன் அடிக்கவில்லை. வான்மதியும் எழுந்து போகவில்லை.