கடித்து வைத்த ரொட்டி

“அதை இறக்கினீங்கன்னா இந்த வாசலை மிதிக்க மாட்டேன் அண்ணி!”

“மிதிக்காதே, போ! எட்டு வருஷமா இதைப் பார்த்துக்கிட்டே...”

“பார்த்துக்கிட்டே நல்லாத்தானே சாப்பிட்டீங்க! கன்னம் ரெண்டும் உப்பித்தானே கிடக்கு!”

மத்தியானப் பஸ்ஸில் வந்திறங்கிய நாத்தனார் சத்பர்க் இன்னும் சால்வையைக்கூடக் கழற்றவில்லை. மவ்சூனா முக்காலியில் ஏறி நின்றாள். சுவர் ஆணியில் துணி சுற்றித் தொங்கியது ரொட்டி. சண்டைக்குப் போன அன்று அவள் புருஷன் சஃபர்மத் ஒரு வாய் கடித்து வைத்தது. மீதியை அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. வக்ஷ் ஆற்றோரம் ஆம்பளையைப் போருக்கு அனுப்பிய வீடெல்லாம் அப்படித்தான்.

“இதை இறக்கினாத்தான் மனசு ஆறும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவங்ககிட்ட போற இந்த நாலு மாசமாத்தான்டி ஒழுங்காத் தூங்கறேன்.”

“உங்களுக்கு ஆறிடும். எங்க அண்ணன் வந்து கேட்டா?”

வந்தான். அதை மட்டும் மவ்சூனா டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. சண்டைக்குப் போய் இருபதாம் நாளே திரும்பி வந்து கதவைத் தட்டினான். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. பின்னாலேயே துப்பாக்கிக்காரர்களின் பூட்ஸ் சத்தம். கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு அவள் இருட்டில் குந்தியிருந்தாள். “மவ்சூனா” என்று ஒரே தரம் மெல்லக் கூப்பிட்டான். அப்புறம் எதையோ தரையில் இழுத்துப்போகிற சத்தம்.

குழந்தை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். எட்டு வருஷத்து ரொட்டி, கல்லாய் இருக்க வேண்டியது. கருஞ்சீரக வாசனை குப்பென்று அடித்தது, இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி.

கையைச் சுட்டது.

ஒரு பக்கம் பழைய கடி, காய்ந்து மஞ்சளாக. சஃபர்மத்தின் உடைந்த முன்பல் விட்ட இடைவெளி அப்படியே தெரிந்தது.

மறுபக்கம் இன்னொரு கடி.

அதிலும் அதே இடைவெளி.

எச்சில் காயவில்லை.

“யார் அண்ணி கடிச்சது?” சத்பர்க்கின் குரலில் சண்டை போயிருந்தது.

அடுப்பில் பருத்திமார் வெடித்து அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே வெறும் பனிமூட்டம். நாய் குரைக்கவில்லை.

டக், டக்.

டக்.

“ஐயோ, அண்ணன் தட்டுற மாதிரியே...” சத்பர்க் கதவுக்கு ஓடினாள். மவ்சூனா பாய்ந்து அவளைப் பின்னாலிருந்து கட்டி, வாயை இறுகப் பொத்தினாள்.

“மூச்சு விடாதே,” என்று காதில் கிசுகிசுத்தாள். “திறக்காதே. இந்தத் தடவையும் போயிடுவாங்க.”

சத்பர்க் திமிறவில்லை. வாயிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

“இந்தத் தடவையுமா? இதுக்கு முன்னாடி எப்ப அண்ணி வந்து தட்டினாரு?”