மூளைக்குள் ஒரு ஃபுட் வால்வு

"ஐயோ...! ஏமண்டி...!"

ரங்கநாயகி தெலுங்கில் போட்ட அலறலில் பட்டறையின் அத்தனை லேத்துகளும் நின்றன.

புது பம்புகளை ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்டிங் தொட்டி. அதில் குப்புற மிதந்தது ஓர் உடல்.

வெள்ளை வேட்டி. வழுக்கைத் தலை.

நரசிம்மலு! கோவை கணபதியில் பம்ப் செட் செய்து பேர் வாங்கியவர். ரங்கநாயகியின் கணவர்.

இரண்டு பேர் குதித்தார்கள். இழுத்தார்கள். தரையில் கிடத்தினார்கள்.

அசைவில்லை.

"முடிஞ்சுபோச்சுங்க..." என்று யாரோ துண்டை வாயில் வைத்த நொடியில், உடல் ஒரு சொம்புத் தண்ணீரைத் துப்பியது. கண்ணைத் திறந்தது.

"காப்பி ஆச்சா, அம்மணி?" என்றது!

இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா வந்து சேர்ந்தபோது 'உடல்' நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தது.

"கொலைன்னு போன் வந்துச்சுங்களே. பொணம் எங்கீங்க?"

"இவருதானுங்க மேடம்," என்றாள் ரங்கநாயகி. "என்ற தம்பி பங்காருதான் தள்ளிவுட்டிருப்பான்!"

"அக்கா! நாக்கு கூசலியா?" பக்கத்தில் நின்ற பங்காரு துடித்தார். மோதிரங்கள் மின்னும் விரல்கள். அறுபதைத் தாண்டியும் கருகருவென்று மீசை. "மாமா எனக்குத் தெய்வமாட்டங்க மேடம்!"

"தெய்வத்துகிட்ட வரம் கேப்பாங்க. நீ பட்டறையவும் குடியிருக்கற ஊட்டையும் எழுதி வாங்கிப்போட்டே! அவருக்குத் தன் பேரே பாதி நேரம் ஞாபகமில்ல. அது செல்லுமா?"

லோகப்பிரியா பங்காருவைப் பார்த்தாள்.

"மாமா மனசாரக் குடுத்ததுங்க. மூளை பளிச்சுன்னு இருக்குது. அக்கா வீணா கேஸ் போட்டுட்டா. டாக்டர்கிட்டக் காட்டி ரிப்போர்ட் குடுங்கன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க. வர்ற திங்கக்கிழமை தெரிஞ்சுரும்!"

"மறதி நோய்னு வந்தா?"

"பத்திரம் செல்லாது," என்றார் பங்காரு.

"இல்லைன்னு வந்தா?"

"நாங்க ரெண்டு பேரும் தெருவுல," என்றாள் ரங்கநாயகி.

லோகப்பிரியா நரசிம்மலுவின் பக்கம் குனிந்தாள். "ஏனுங்க சார், உங்களை யாரு தள்ளிவுட்டது?"

அவர் நெடுநேரம் யோசித்தார்.

"மிக்சர்ல உப்பு கம்மிங்க," என்றார்!

*

நரம்பியல் டாக்டர் இல்மா, நரசிம்மலுவை நடக்கச் சொன்னாள்.

அவர் கால்களைத் தூக்கவில்லை. தரையில் பசை தடவியது போல இழுத்து இழுத்து நடந்தார். திரும்பும்போது தடுமாறினார்.

"அடிக்கடி பாத்ரூம் போறாருங்களா?"

"போறதுக்குள்ளயே ஆயிருதுங்க, டாக்டரம்மா," ரங்கநாயகி குரலைத் தாழ்த்தினாள். "வேட்டி மாத்தி மாத்தியே என்ற கை ஓஞ்சுபோச்சு."

"உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்மா. பாத்துக்கறவங்க படுத்துட்டா நோயாளி ரெண்டாயிருவாங்க," என்ற இல்மா, கோர்ட் உத்தரவைப் புரட்டினாள். "அல்சைமர் நோய்க்கு இப்பப் புது ரத்தப் பரிசோதனை வந்திருக்குதுங்க. மூளைல படியற கெட்ட புரதத்தோட தடயம் ரத்தத்துலயே தெரியும். அதோட தலைக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துருவோம்."

பங்காரு முன்னால் பாய்ந்தார்.

"மாமாவை எதுக்குங்க அலைய வெச்சுட்டு? ஸ்கேன் எடுங்க. ரத்தத்துக்கு மட்டும் பட்டறைக்கு ஆள் அனுப்புங்க. நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்!"

அந்த அக்கறையில் இல்மாவே கொஞ்சம் நெகிழ்ந்து போனாள்.

*

ரிப்போர்ட் வந்தது.

பாசிட்டிவ்!

நோயின் தடயம் தெளிவாக இருந்தது. ரங்கநாயகி அழுதாள். வழக்கில் ஜெயித்தவள் அழுகிறாள். ஆனால்...

தோற்ற பங்காரு ஏன் இப்படிப் பேயறைந்தது போல நிற்கிறார்?

"இருக்காதுங்க!" என்று கத்தினார். "வரவே வராதுங்க! தப்பான ரிப்போர்ட்டு!"

"எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றாள் இல்மா.

பங்காரு மோதிரத்தைத் திருகினார்.

இல்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள். நெற்றி சுருங்கியது.

"நடுவுல கறுப்பாத் தெரியுது பாருங்க. மூளைக்குள்ள தண்ணி தேங்கி நிக்குது. காலை இழுக்கறது, வேட்டி நனையறது, மறதி... மூணுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். அதே தண்ணிதான் முதுகுத்தண்டுலயும் ஓடுது; அங்க ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கறேன். பரிசோதனைக்கும் அனுப்பறேன்."

மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப்பட்டது.

சாயங்காலம் கட்டில் காலி!

"பேஷண்ட்டைக் காணோம்!" நர்ஸ் அலறினாள். ரங்கநாயகி மாடிப்படியில் ஓடினாள். லோகப்பிரியாவுக்குப் போன் பறந்தது.

நரசிம்மலு கேன்டீனில் இருந்தார். தானே நடந்து போய், தானே போண்டா வாங்கி, பக்கத்து மேஜைக்காரரிடம் கோயமுத்தூர் பம்புக்கும் வெளியூர் பம்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார்!

"ஏமண்டி...!"

"வா அம்மணி. போண்டா திங்கறியா? நீ எளச்சுப்போட்டியே!"

ரங்கநாயகி அவர் தட்டிலிருந்த போண்டாவை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

*

இரண்டு நாள் கழித்து இல்மாவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பங்காருவை லோகப்பிரியா ஜீப்பில் அழைத்து வந்திருந்தாள்.

"முதுகுத் தண்ணில அல்சைமர் தடயமே இல்லைங்க," என்றாள் இல்மா. "தலையிலிருந்து வயித்துக்கு ஒரு மெல்லிசுக் குழாய் வெச்சுட்டா மிச்சத் தண்ணியும் வடிஞ்சுரும். அதுல சின்னதா ஒரு வால்வு இருக்கும். ஒரு பக்கமாத்தான் தண்ணிய விடும்."

"அட! நம்ம பம்புக் குழாய்க்கு அடில மாட்டற ஃபுட் வால்வு!" நரசிம்மலு குஷியானார். "நானே கடைஞ்சு குடுத்துருவேனுங்களே!"

"அதையாச்சும் எங்ககிட்ட விடுங்க சார். தொட்டில நீங்களாத்தான் விழுந்தீங்களா?" என்றாள் இல்மா.

"ஆமாங்க. கால் ஒட்டிக்கிச்சு. மாப்ள தள்ளல."

"கேட்டுக்கங்க!" பங்காரு எழுந்தார். "நான் கெளம்பறேனுங்க."

"உக்காருங்க," என்றாள் லோகப்பிரியா. "முதுகுத் தண்ணில இல்லாத நோய் ரத்தத்துல எப்படி வந்துச்சு? டாக்டருக்குத் தூக்கம் வரல. லேப்ல மிச்சம் இருந்த ரத்தத்தோட குரூப்பைப் பாக்கச் சொன்னாங்க. சார் ஓ பாசிட்டிவ். அந்த ரத்தம் ஏபி நெகட்டிவ்! ரொம்ப அபூர்வம். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. தினமும் உக்கடத்துல ஜீப்பு நிக்கற இடத்துக்கு எதுக்க ஒரு ஃபிளெக்ஸ். 'பிறந்தநாள் காணும் ஏபி நெகட்டிவ் வள்ளல் பங்காரு'ன்னு, சிரிச்ச மொகமா, யானை மேல!"

பங்காருவின் மீசை வியர்த்தது.

"ரத்தம் எடுக்க வந்த பொண்ணு மூஞ்சி தெரியாத புதுப் பொண்ணுங்க. 'நரசிம்மலு சார் யாருங்க?'ன்னு கேட்டுச்சு. உங்க மாமா உள்ள தூங்கிட்டிருந்தாரு. நீங்க கையை நீட்டிட்டீங்க. அந்தப் பொண்ணு உங்களை அடையாளம் காட்டிருச்சு. கோர்ட்டையே ஏமாத்தப் பாத்தீங்க. பத்திரத்தை எப்படி வாங்குனீங்க?"

"நான் சொல்றேன்," என்றார் நரசிம்மலு. "பதிவுக் கல்யாணம், சாட்சிக் கையெழுத்துப் போடணும் மாமான்னு ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். போட்டேன். பந்தி எங்கடான்னு கேட்டேன். வெளிய ஒரு வடை வாங்கிக் குடுத்தான். அதும் ஆறுன வடை!"

"மாமாவுக்குக் கட்டாயம் அந்த நோய்தான்னு நெனச்சுப்போட்டேன்..." பங்காரு சரிந்து உட்கார்ந்தார்.

"அங்கதான் கெட்டீங்க!" லோகப்பிரியா சிரித்தாள். "நீங்க சும்மா இருந்திருந்தா அவரோட சொந்த ரத்தத்துலயே 'அல்சைமர் இல்லை'ன்னு வந்திருக்கும். அதைக் கோர்ட்டுல தூக்கிக் காட்டியிருக்கலாம். ஜெயிக்கற கேசை நீங்களே கை நீட்டிக் கவுத்துட்டீங்க!"



பங்காரு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"அப்ப... நோய் இருக்குதுன்னு வந்த அந்த ரத்தம்...?"

எல்லோரும் அவர் நீட்டிக் கொடுத்த கையையே பார்த்தார்கள்.

"போன தீபாவளிக்கு ரெண்டு தடவ சீர் கொண்டாந்தான்," என்றாள் ரங்கநாயகி, தனக்குத்தானே பேசுவது போல. "பாசம்னு நெனச்சுப்போட்டேன்..." எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாதீங்க," இல்மா தண்ணீர் கிளாசை நகர்த்தினாள். "ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ண மாட்டோம். ஸ்கேன் எடுத்து உறுதி செய்யணும். உறுதியானாலும் இது ரொம்ப ஆரம்பம். முழுசாக் குணமாக்க முடியாது. ஆனா நோயோட வேகத்தைக் குறைக்க ட்ரிப்ஸ்ல ஏத்தற புது மருந்துங்க வந்திருக்குது. இவ்வளவு சீக்கிரமா யாருமே வர்றதில்லைங்க."

"திருடப் போனவனுக்கு ஓசில செக்கப்பு!" என்றார் நரசிம்மலு. "மாப்ள, ட்ரிப்ஸ் ஏத்தறப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். நீ வாங்கி வெச்சிருக்கற ஊட்டுச் சாவிய மட்டும் இப்பவே குடுத்துரு."

பங்காரு சாவியைக் கொடுத்தார். லோகப்பிரியா ஜீப்பின் பக்கம் கையைக் காட்டினாள். எழுந்தவர் வாசலில் சட்டென்று நின்றார். முகத்தில் ஒரு புது வெளிச்சம்!

"மேடம்... இந்தப் பத்திரம், ரத்தம்... எனக்கு எதுவுமே ஞாபகம் வரமாட்டேங்குதுங்களே!"

"அதுக்கு மருந்து என்னங்க டாக்டர்?" என்று லோகப்பிரியா இல்மாவின் பக்கம் திரும்பினாள்.

"மூளைக்கு வேலை குடுக்கணும். பேச்சுக் குடுத்துட்டே இருக்கணும்," என்றாள் இல்மா. "பொறுமையா, அலுத்துக்காம, ஒரே கேள்விய எத்தனை தடவை வேணும்னாலும்..."

லோகப்பிரியா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறுங்க வள்ளலே... அதுக்குத்தானுங்க கவர்மெண்டு எனக்குச் சம்பளமே குடுக்குது!"