ஒரு சொட்டுப் பால்

அடுப்படியில் காய்ச்சி மூடிவைத்த பால், பொழுது சாயும் முன்பே மறுபடியும் குறைந்திருந்தது. பூனை உருட்டிய தடம் எதுவும் இல்லை. தட்டு மூடியபடியே இருக்க, பக்கத்தில் சின்னக் கரண்டி மட்டும் நனைந்து கிடந்தது. உமையாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருவேலங்காட்டைத் தாண்டி வந்த உப்புக்காற்று சன்னல் கதவை உரசிக்கொண்டிருக்க, அதற்கும் அடியில், எங்கிருந்தென்று தெரியாமல், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற அதே குபுகுபு சத்தம் கேட்டது.

"ஒங்களுக்குக் கேக்குதா?" என்றாள் கணவனிடம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல உமையா. நீ தூங்கியே எத்தன நாளாச்சு, அதான்," என்றான் வேல்ராஜ். "மதுரைக்குப் போயி டாக்டரப் பாப்போம். இப்பக் கொஞ்சம் படு. ஆட்டைப் பத்திட்டு வாரேன்."

அவன் மேல் தப்பில்லை. ராமநாதபுரத்தில், கொரோனா வார்டில், நர்சாக நின்று அவள் பார்த்ததை அவன் எங்கே பார்த்தான்?

உறவுக்காரர்கள் யாரையும் உள்ளே விடாத நேரம் அது. மலையாண்டி என்கிற பெரியவருக்கு மூச்சு அடங்கப்போகிறது என்று தெரிந்ததும், அவர் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் கதறினான்.

"எங்கய்யாவுக்குப் பால் ஊத்தக்கூட நான் இல்லையே. நீ மகளா நின்னு ஒரு சொட்டு ஊத்து தாயி."

அவர் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, கரண்டியால் உதட்டை நனைத்தாள். பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ தாயி."

"கண்ண மூடிக்கங்க. கூட்டிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு, பிள்ளைகள் வர முடியாத எல்லோருக்கும் அவளே பால் ஊற்றினாள். எல்லோரிடமும் அதையே சொன்னாள். ஒருவர்கூட வீடு போய்ச் சேரவில்லை. பையில் சுற்றி, நேரே சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். அதை நினைத்து அழக்கூட அவளுக்கு அப்போது நேரம் கிடைக்கவில்லை.

படுத்தாள். கூடத்தில் சானிடைசர் நெடி. கட்டிலைச் சுற்றி யாரோ ஒதுங்கி இடம் விடுவதுபோல் சரசரப்பு. கண் செருகியது.

உதட்டில் ஈரம்.

விழித்தாள். கை எழவில்லை. மூச்சு ஏறவில்லை. தலைமாட்டில் மகள் கவிப்ரியா. கையில் கரண்டி.

"எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துட்டாகம்மா," என்றது குழந்தை. "நீதான் கூட்டிட்டு வாரேன்னியாமே. இத்தன நாளும் அவுகளுக்கு ஊத்துனேன். நீ தூங்காமக் கெடக்கியாம், பாவமாம். இன்னைக்கு ஒனக்கு ஊத்தச் சொன்னாக."

குழந்தைக்குப் பின்னால், சுவரோரம் நெடுக உருவங்கள். எல்லாம் அழுதபடி.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். குபுகுபு என்றுதான் வந்தது. அவள் நெஞ்சுக்குள்ளிருந்து.

கவிப்ரியா அம்மாவின் நெற்றியைத் தடவினாள்.

"கண்ண மூடிக்கங்க. கூட்டிட்டுப் போறேன்."

கரண்டி சாய்ந்தது. உமையாளின் வாய் தானாகவே திறந்துகொண்டது.