ஏரோப்ளேன் பிரேக்காரன்

"சார், அங்க பிரேக் கெடையாது. எங்கிட்டதான் இருக்குது."

கண்ணகி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மலைமேல் கரியாலூரில் ஜீப் கிளம்பியதிலிருந்து பார்க்கிறாள். பக்கத்து இருக்கைக்காரன் ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிக்கிறான்... நம்பிக்கை இல்லாதவன் எதற்கு ஏறினான்?

"பழக்கதோஷங்க" என்றான் அவன். "ஆனா நீங்க கால கொஞ்சம் எடுங்க. செகண்ட் கியர் போட்டா இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக் சூடாவுது."

"நீங்க இன்னா, டிரைவரா?"

"இல்லீங்க. மெட்ராஸ் ஏர்போர்ட்ல ஏரோப்ளேன் பிரேக் பாக்கறவன். பேரு கொளஞ்சியப்பன். ஊரு மணலூர்பேட்டை."

பின்னால் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த குஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். "ஆகாசத்துல போறதுக்கு எதுக்குப்பா பிரேக்கு?"

கண்ணகிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையில் ஜீப் ஓட்டும் ஒரே பெண் அவள். வண்டி அண்ணன் பச்சமுத்துவுடையது. 'ஒரு தடவ நடுவழியில நின்னுச்சுன்னா சாவி வேற ஆளு கைக்குப் போயிடும்' என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆறு மாதமாக ஒருமுறைகூட நிற்கவில்லை. இவன் வந்து பாடம் நடத்துகிறான்! வீம்புக்கு மூன்றாவது கியரிலேயே இறக்கினாள்.

நாலாவது வளைவில் முன்சக்கரம் புகைந்தது. கருகிய நாற்றம்...

ஓரம் கட்டினாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். தண்ணீர் கேனைத் தூக்கினாள். அவன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊத்தாதீங்க! பழுக்கக் காஞ்ச இரும்பு. பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுடும்."

"கைய விடுங்க!"

விட்டான். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மரத்திலிருந்து ஒரு துளி அவன் இமையில் விழுந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை... சே, இந்த நேரத்தில் இதையா பார்ப்பது?

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ஆறட்டும். ப்ளேன்லயும் அதான். வேகமா வந்து அமுக்கி நிறுத்தினா, சக்கரம் ஆறுற வரைக்கும் கிட்டக்கூடப் போக மாட்டோம்."

குஞ்சம்மாள் பாறையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். கண்ணகி சாலையில் நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். கடைசியில் வாய் பொறுக்கவில்லை.

"அவ்ளோ பெரிய ப்ளேன எப்படித்தான் நிறுத்துறாங்க?"

"எறங்கறதுக்கு முன்னாடியே பைலட் ஒரு குமிழத் திருப்பி வெச்சுடுவாரு. மெதுவா நிக்கணுமா, சீக்கிரம் நிக்கணுமான்னு. சக்கரம் தரையத் தொட்டுச் சுத்துனதும் பிரேக் தானாப் புடிக்கும். வேகம் ஒரே சீராக் கொறையற அளவுக்குத்தான் புடிக்கும். இன்ஜின் காத்த முன்னாடி தள்ளி வேகத்தக் கொறைச்சா, பிரேக் தன் பங்கக் கம்மி பண்ணிக்கும்."

"ஈரத்துல சறுக்குனா?"

"அதுக்கு வேற ஏற்பாடு இருக்குது. எந்தச் சக்கரம் சறுக்குதோ அத மட்டும் விட்டு விட்டுப் புடிக்கும்."

"பைலட்டு சும்மா குந்திக்கினு இருப்பாரா?"

"அவரு பெடல நல்லா மிதிச்சார்னா, தானாப் புடிக்கறது வெலகிடும். அப்புறம் அவரு பாடு."

"நல்ல மிஷினு! மனுசன் மிதிச்சா வெலகிக்குது. நீங்க இன்னாடான்னா, நான் மிதிக்க மிதிக்க கூடவே மிதிச்சுக்கினு வர்றீங்க."

அவன் சிரித்தான். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன சிரிப்பு. அவளுக்கு ஏனோ எரிச்சல் குறைந்தது.

"லேட்டாவுதே, வூட்ல தேட மாட்டாங்களா?"

"யாரும் இல்லீங்க. பொஞ்சாதி தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆவுது."

அவள் கேனைத் திறந்து அவனிடம் நீட்டினாள். குடித்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டாவது கியரில் வண்டியைக் கீழே இறக்கினாள். இந்த முறை அவன் கால் அசையவே இல்லை.

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் பச்சமுத்து இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னா லேட்டு? நின்னுடுச்சா?"

"பஞ்சருங்கண்ணே..." என்று கொளஞ்சியப்பன் முந்திக்கொண்டான்.

"உங்கள யாரு கேட்டது?" கண்ணகி சீறினாள். அண்ணனைப் பார்த்தாள். "பஞ்சர் இல்லண்ணே. தேர்டு கியர்லயே எறக்கிக்கினு பிரேக்கையே மிதிச்சேன். பொகஞ்சுடுச்சு. தப்பு என்னுது."

சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"யோவ் பச்சமுத்து, முன்ன இருந்த டிரைவரு பொகையோடவே ஓட்டுவான். நாங்க சாமிய கும்புட்டுக்கினே வருவோம்" என்றாள் குஞ்சம்மாள். "இவ நிறுத்தி ஆற வெச்சுக் கூட்டியாந்தா. இவ ஓட்டுனாத்தான் நான் ஏறுவேன்."

பச்சமுத்து சக்கரத்தையே பார்த்தார். பிறகு சாவியைக் கண்ணகியின் கையில் வைத்தார். "நாளைக்குக் கழட்டிப் பாத்துட்டு எடு" என்று உறுமிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஹாரன் அடித்தது. கொளஞ்சியப்பன் ஏறவில்லை.

"ஏங்க... ஒண்ணு சொல்லணும்."

"இன்னா, இன்னும் எதுனா தப்பு கண்டுபுடிச்சீங்களா?"

"ரெண்டு வருஷமா எனக்கு யாரு மேலயும் கோவம் வந்ததில்ல. அழுகையும் வரல. சோறு துன்னேன், வேலைக்குப் போனேன்... இன்னிக்கு நாலு வளைவுல உங்க மேல அவ்ளோ கோவம் வந்துது. அப்பதான் உசுரோட இருக்கறது தெரிஞ்சுது. உங்களப் புடிச்சிருக்குங்க."

பஸ் நகர்ந்தது.

"இத இப்பதான் சொல்லுவியா?" எரிச்சலோடுதான் கேட்டாள். மரியாதை கழன்று போனதை அவள் கவனிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. "காலையிலேருந்து எரிய வெச்சுட்டு... நீ பாட்டுக்கு பஸ் ஏறிட்டா, நான் யாருகிட்ட சண்ட போடறது?"

பஸ் அவனை விட்டுவிட்டே போய்விட்டது. மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"வா. எங்கண்ணன் டீக்கடையிலதான் இருக்காரு. எங்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லு... நான் பக்கத்துலயே நிக்கறேன்."