தாங்கிகளின் பந்தல்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தாங்கிகளின் பந்தலில் முதல் முனகல் எழுந்தது. பேச்சிக்கனி என்ற அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எங்கும் ஓடவில்லை. ஓடியது அவளுடைய மருமகன். திருச்செந்தூர் வரையிலான ஓட்டத்தில் அவன் அப்போதுதான் தூத்துக்குடி எல்லையைத் தாண்டியிருந்தான், வழியில் நின்றவர்களுக்குச் சிரித்துக் கையசைத்தபடி.

"ஓடுதது அவன், நோவுதது எனக்கு. இந்தக் கூத்து எந்த ஊர்ல உண்டு?" என்றாள்.

எல்லா ஊரிலும் உண்டு. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஓர் உணர்மாற்றி. ஓடுபவரின் களைப்பும் தாகமும் வெப்பமும் அதன் வழியே இன்னொருவருக்குப் போய்விடும். உடல் ஓடும், அதன் முறையீட்டை வேறொருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பெயர் தாங்கி. பொறுக்க முடியாதபோது தாங்கி தன் மணிக்கட்டு விசையை அழுத்துவார். அந்தக் கணமே உணர்வெல்லாம் உரியவரிடம் திரும்பும். ஓடுபவர் சாலையோரம் உட்கார்ந்துவிடுவார். உடலைக் குளிர்விக்கும் பனிநீர் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்.

முன்பு ஓடுபவரை நிறுத்தும் வேலையை இயந்திரங்கள் செய்தன. அவை எல்லாரையும் பாதி வழியில் நிறுத்தின. பதக்கங்கள் பெட்டியிலேயே கிடந்தன. மக்கள் கோபப்பட்டு, நிறுத்தும் உரிமையை மனிதருக்கே திரும்ப வாங்கினார்கள். ஓடுபவரின் உடல்வெப்பம் காட்டும் திரைகளையும் கழற்றச் செய்தார்கள். திரையைப் பார்த்தால் தாங்கிகள் பயந்துவிடுகிறார்களாம்.

அதனால் வீட்டிலேயே நோவு பொறுக்காத ஆளைத்தான் தாங்கியாகப் பிடிப்பது வழக்கம்; அவர்தான் ஆபத்துக்கு முன்பே அழுத்துவார். காப்பி சுட்டால் ஊரைக் கூட்டுகிறவர், ஊசி என்றால் கட்டிலுக்கடியில் போகிறவர். மற்ற மாதங்களில் வீட்டார் அவர்களைத் திட்டுவார்கள். ஓட்டம் நடக்கும் மார்கழியில் கோழி அடித்துப் போடுவார்கள்.

கித்தேரியானும் அப்படித்தான் பந்தலுக்கு வந்தவன். ஓடுகிறவள் அவன் மனைவி ஜெனோவா. அவளுக்கு முதலில் தாங்கியாக இருந்தவள் அவளுடைய அக்காள். பிரசவத்தில்கூட வாய்திறக்காதவள் என்று பெயர் வாங்கியவள். அக்காள் விசையை அழுத்தாமலே இருந்ததால் அந்த ஆண்டு ஜெனோவா மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, இனிமேல் என் வீட்டுக்காரர் தாங்கட்டும் என்பதுதான்.

சென்ற ஆண்டு ஜெனோவா ஆத்தூர்ப் பாலத்தில் ஓடும்போதே கித்தேரியான் விசையை அழுத்திவிட்டான். அடுத்து வந்த ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் ஜெனோவாவின் அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "மாப்ளைக்குக் கொசு கடிச்சாப் போதும், அழுத்திருவாரு. பெறவு ஓட்டம் எங்க முடிய?"

பந்தி சிரித்தது. ஜெனோவாவும் சிரித்தாள். "அதுக்குத்தான இவியள வச்சிருக்கேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அவன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டான். பாயசத்தைத் தொடாமல் எழுந்தான்.

ஆத்தூர் வரை இந்த ஆண்டும் எல்லாம் சரியாகவே இருந்தது. மார்கழிக்குரிய வாடைக்காற்று முதுகில் தள்ளியது. பந்தலில் வழக்கமான முனகல், வழக்கமான வசவு. எட்டு மணிக்குமேல் வாடை நின்றது. சற்று நேரம் தென்னங்கீற்று ஒன்றும் அசையவில்லை. பிறகு மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கியது. ஆனியில் வீச வேண்டிய காற்று. அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வந்தது. பந்தலின் நுழைவில் இருந்த வெப்பப் பலகையில் எண் ஏறியது.

காதில் மாட்டியிருந்த கருவியில் ஜெனோவாவின் குரல் கேட்டது.

"ஏங்க, என்ன செய்தீய?"

"ஒக்காந்திருக்கேன்."

"வெயிலு வெள்ளையா இருக்கு. சுடுதா உங்களுக்கு?"

அவனுக்கு நெஞ்சுக்குள் தவிட்டு நெருப்பு மூண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"சும்மா கதகதன்னு இருக்கு. நீ ஓடுட்டி."

"நெசமாவா? நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"நெசமாத்தான்."

"எனக்குப் பறக்க மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்தாள்.

பந்தலில் ஒருவர் பின் ஒருவராக விசையை அழுத்தினார்கள். அழுத்தியவர்கள் முகம் தெளிந்து, மோர் வாங்கிக் குடித்தார்கள். பேச்சிக்கனி அலறியபடி அழுத்தினாள். "போதும்டா மருமவனே! ஒன் சூட்ட நீயே வச்சிக்கோ!" காயல்பட்டினத்துக்கு முன்னால் அவள் மருமகன் சாலையோரம் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டினான். வண்டி அவனை ஏற்றிக்கொண்டது.

டாக்டர் வரிசை வரிசையாக வந்தார். அவருக்கு விசையைத் தொட உரிமையில்லை. கேட்க மட்டும்தான் உரிமை.

"எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நல்லா இருக்கேன் டாக்டரம்மா."

"மறைக்காதீங்க. உங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

"நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அடுத்த நாற்காலிக்குப் போனார். ஒருவர் நன்றாக இருப்பதாகச் சொன்னால் நம்புவதே சட்டம்.

விசையை நோக்கி அவன் விரல் இரண்டு முறை போனது. அழுத்தினால் இந்தத் தீ முழுவதும் ஒரே கணத்தில் அவள்மேல் விழும். அவள் ஒருமுறைகூட ஓட்டத்தை முடித்ததில்லை. திருச்செந்தூருக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? விரலை மடக்கிக்கொண்டான்.

"ஏங்க."

"சொல்லு."

"கடலு எப்ப வலது பக்கம் வந்திச்சி?"

"தெக்கப் பாத்து ஓடுதவளுக்கு இடது பக்கந்தானட்டி கடலு."

"இல்ல, வலது பக்கம்... தோசை மாவ மூடி வச்சியளா?"

"மூடிட்டேன், மூடிட்டேன்" என்று சிரித்தான். பேச்சிக்கனியிடம் திரும்பி, "ஓட்டத்துலயும் வீட்டு நெனப்பு பாருங்க" என்றான். உதடு வெடித்திருந்ததால் சொற்கள் உடைந்து வந்தன.

"தம்பி, நீங்க இன்னும் அழுத்தலையா?" பேச்சிக்கனி மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். "போன வெள்ளிக்கெழம ஊசி போட்டதுக்கு அழுதீயளே, நீங்களா?"

"இது ஒரு சூடா?"

அவள் கைதட்டினாள். "இங்க பாருங்கய்யா, இவுகதான் ஆம்பள!" மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடினார்கள். பந்தலில் மிஞ்சியிருந்த ஒரே தாங்கி அவன். யாரோ படமெடுத்தார்கள். கித்தேரியானுக்காக இதுவரை யாரும் கைதட்டியதில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். உடம்பு உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தான். அந்தப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் இதைப் பார்ப்பார்கள்.

அப்போது அது நிகழ்ந்தது. முதலில் தாகம் போனது. பிறகு கால்வலி போனது. கடைசியாக நெஞ்சுக்குள் இருந்த தீயும், யாரோ வரிசையாக விளக்கணைத்துக்கொண்டு போவதுபோல, அணைந்தது. அவன் மூச்சை இழுத்துவிட்டான். எத்தனை இதம். பொறுத்தால் தணியும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்போல.

வெப்பப் பலகையில் எண் இறங்கவில்லை. கச்சான் இன்னும் பலமாக அடித்தது. கூட்டம் தட்டிக்கொண்டேயிருந்தது. விசையைத் தொடாமலேயே அவன் முகம் சட்டென்று தெளிந்ததைப் பந்தலின் மறுகோடியிலிருந்து பார்த்த டாக்டர், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடி வந்தார்.

கித்தேரியான் காதைப் பொத்திக்கொண்டு, கைதட்டலுக்கு மேலாகக் குரலை உயர்த்தினான்.

"ஜெனோ, சூடெல்லாம் எறங்கிட்டு. ஒண்ணுமே தெரியல, குளுகுளுன்னு இருக்கேன். இனி ஒனக்குப் பயமே இல்ல, நீ பாட்டுக்கு ஓடுட்டி... கேக்குதா?"